மாடிக்காரர்களுடன் ஓர் இணைப்பு

“அந்த வாளியை ஓரமாத் தள்ளுங்கக்கா. ரெண்டு கம்பெனி ஒண்ணாகப் போகுது, இப்பப் போயி வாளி!”

மேலாளர் சிடுசிடுத்தார். கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் வாளிக்குள் விழுந்தால் என்ன, வெளியே விழுந்தால் என்ன, அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. கணக்காளர் அக்கா வாளியைக் காலால் நகர்த்திவிட்டு, சுவர் நீளத்துக்குத் திட்ட அட்டவணையை மாட்டினார்.

மகளின் பிரசவத்துக்காக விமானம் ஏறப் போகுமுன் முதலாளி ஒப்படைத்த வேலை அது. அவருக்குத் தமிழ்ப் பற்று கொஞ்சம் தூக்கல். லிஃப்டை மின்தூக்கி என்பார், ஃபேனை மின்விசிறி என்பார். எதிரில் நிற்பவர் வாயில் ஆங்கிலம் வந்தால் முகம் சுண்டிப்போகும்.

“மாடிக்காரங்களோட இணைப்பை நீங்களே முன்னால நின்னு முடிச்சிருங்க. வேணும்னா வெளியில இருந்து ஆளைக் கூப்பிட்டுக்குங்க. நான் வர்றப்ப ஒரு தொல்லையும் இருக்கக் கூடாது” என்றவர் காரில் ஏறிவிட்டார். மகள் வீட்டில் ஆபீஸ் போனை எடுக்கக் கூடாதென்பது மகளின் உத்தரவு.

கீழே அட்டைப்பெட்டி கம்பெனி, மேலே ஷாம்பு கம்பெனி. ஷாம்பு பாட்டிலை அடுக்கப் பெட்டி வேண்டும்தானே! முதலாளி மூளையே மூளை என்று மெச்சினார் மேலாளர். லாரியைக் கூப்பிடுவதும் டீ சொல்வதும் தவிர இத்தனை வருஷத்தில் அவரிடம் எந்தப் பொறுப்பும் வந்ததில்லை. இதில் சொதப்பினால் வேலைக்கே வேட்டு. முடித்துக் காட்டினால் துணைத்தலைவர் நாற்காலிதான் என்று மனைவியிடம் வேறு உளறித் தொலைத்திருந்தார்.

ஆனால் கம்பெனிகளை இணைப்பது எப்படி? நூலகத்தில் எடுத்த புத்தகங்கள் தலையணை கனம், ஒன்றும் தலையில் ஏறவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த மாதிரித் திட்டம் விமானக் கம்பெனிகளுக்கானது. ‘விமானங்கள் நிறுத்துமிடம்’ என்ற கட்டத்தில் அக்கா சைக்கிள் ஸ்டாண்டை எழுதி ஒப்பேற்றினார்.

கடைசியில் கோட்டு போட்ட ஆலோசகர் ஒருவரைப் பிடித்தார்கள். வந்தவர் உட்கார்ந்ததுமே, “சார், எங்கயும் கசிவு இருக்கக் கூடாது. கசிவை அடைச்சாத்தான் இணைப்பு நிக்கும்” என்றார்.

“தகவல் கசிவுதானே? மூச்சு விடமாட்டோம் சார்” என்று மேலாளர் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். குறித்த எழுத்தின் மேலேயே ஒரு சொட்டு விழுந்து கலைந்தது.

மாடியில் போய்ப் பேச்செடுத்தபோதோ, ஷாம்பு கம்பெனி மேலாளர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனி அது.

“யார் வந்து கேட்டாலும் சேர்ந்துக்கலாம்னு எங்க முதலாளி எப்பவோ சொல்லிட்டார் சார். தெய்வமாப் பாத்து உங்களை அனுப்பியிருக்கு!”

முதலாளி திரும்பி வந்த அன்று, வாசலில் இரண்டு கம்பெனிப் பெயரும் சேர்ந்த புதுப் பலகை மின்னியது. ஷாம்பு கம்பெனி ஆட்கள் படிவரிசையில் நின்று கைதட்டினார்கள். முதலாளி ஒன்றும் புரியாமல் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

“சார், நீங்க சொன்னபடி முடிச்சுட்டேன்!” என்றார் மேலாளர். முதன்முறையாக வாழ்க்கையில் ஒன்றைச் சாதித்துவிட்ட சந்தோஷம், கண்ணே கலங்கிவிட்டது.

முதலாளியின் வழுக்கையில் சொட்டென்று ஒன்று விழுந்தது. தடவி, மோந்து பார்த்தார். கமகமவென்று ஷாம்பு வாசனை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார், சுவர் அட்டவணையைப் பார்த்தார், அப்புறம் மேலாளரைப் பார்த்தார்.

“யோவ், நான் முடிக்கச் சொன்னது இந்த ஒழுகுற குழாய் இணைப்பைய்யா!”