சாப்பிட்டுத்தான் வந்தோம்

பெண் வீட்டார் ஒருத்தர்கூடக் கை நனைக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் கூடிக் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. விருந்தாளிக்கு முதல் பந்தி என்பதெல்லாம் பசி வரும்வரைதானே? மாப்பிள்ளை வீட்டு உறவுக்கூட்டம் முதலில் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்துவிட்டுக் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்து பெண் வீட்டாரைக் கூப்பிட்டால், பெண்ணின் அப்பா, தையல்காரர், எழுந்து கும்பிடுகிறார்.

"சாப்பிட்டுத்தான் வந்தோம் சம்பந்தி. வயித்துல இடமில்லை."

மாப்பிள்ளையின் அப்பா இரும்புக்கடை முதலாளி. விடுவாரா? ஒவ்வொருவராக உபசரித்துப் பார்த்தார். பெண்ணின் அண்ணன் சாப்பிட்டுவிட்டானாம். அத்தையும் சாப்பிட்டுவிட்டாளாம். லாரி ஓட்டும் தாய்மாமன் "மூக்கு முட்டச் சாப்பிட்டேன்" என்று சொல்லும்போதே அவர் வயிறு உறுமியது. அதை மறைக்க அவர் இருமினார். நாலு வயது வாண்டு ஒன்று, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, "நானும்" என்று எச்சில் விழுங்கியது.

முதலாளி மனைவியையும் மகனையும் கண்ணாலேயே சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பாத்தீங்களா? தரித்திரம் ரத்தத்துல ஊறிப்போச்சு."

சாப்பிட்டு வந்தது ஒரு குற்றமா என்றான் மகன். சம்பந்தி வீட்டு விருந்துக்கு எவனாவது வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவானா என்றார் அப்பா.

போன மாதம் வியாபாரிகள் சங்கத்தில் யாரோ ஒரு படித்தவர் பேசிவிட்டுப் போயிருந்தார். ஏழ்மை என்பது காசு இல்லாதது அல்ல, அது ஒரு பழக்கம், மூக்கும் முழியும் மாதிரி தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வரும் என்று. முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டிய முதலாளிக்கு அன்றிலிருந்து உலகமே விளங்கிவிட்டது. கடைப் பையன் கொட்டாவி விட்டால்கூட அவனுடைய பாட்டனைத்தான் திட்டுவார்.

"அந்தக் காலத்துல அவங்க வீட்டுல சோறு பத்தாது. ஆளாளுக்குச் சாப்பிட்டாச்சுன்னு பொய் சொல்லிட்டு எழுந்தாங்க. சரி. இப்பதான் நாலு பேர் சம்பாதிக்கிறாங்களே? இன்னும் அதே பொய். அந்தப் பொடிசுக்கும் பழக்கி வச்சிருக்காங்க. நாளைக்கு என் பேரனும் நிறைஞ்ச தட்டு முன்னால உக்காந்துக்கிட்டு, சாப்பிட்டுட்டேன் தாத்தாம்பான்."

மகனுக்கு முகம் செத்துப்போயிற்று. இந்தப் பெண்ணுக்காக அவன் அப்பாவிடம் நடையாய் நடந்து, ஒருவழியாகச் சம்மதம் வாங்கியிருந்தான்.

"அவ இல்லைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்ப்பா."

"வேண்டாம்னா விடு. இல்லாத வீட்டுப் பொண்ணை எடுக்கலாம். இல்லாத புத்தியை எடுக்கக் கூடாது. நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் வாசற்படி வரை போய்விட்டார்.

"ஏங்க, கொஞ்சம் இதைப் பாத்துட்டுப் போங்க" என்றாள் மனைவி.

சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். குழம்புச் சட்டியையும் திறந்தாள். வழித்து எடுத்த தடம்தான் இருந்தது.

"சாப்பாடு எங்கடி?"

"உங்க சொந்தக்காரங்க வயித்துல."

வந்திருக்கிற ஆட்களைப் பார்த்து உலை வைக்கத் தெரியாதா என்று அவர் எகிறினார்.

"நான் போட்ட அரிசியில பாதியைத் திருப்பி மூட்டையில கொட்டினது யாரு? கறியைப் பொடிப்பொடியா நறுக்கச் சொல்லிப் பக்கத்துலயே நின்னது யாரு?"

"வீணாப் போகக் கூடாதுன்னுதான்... எங்கப்பா எப்பவும் அப்படித்தான் செய்வாரு. எங்க தாத்தாவும்..."

அந்தத் தாத்தா தள்ளுவண்டியில் பழைய இரும்பு பொறுக்கியவர். அதை முதலாளியே மேடைதோறும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

மனைவி மூடியைத் திரும்பப் போட்டாள்.

"உங்க ஆளுங்களுக்குப் பரிமாறும்போதே கரண்டி அடியில தட்டுச்சு. சம்பந்தியம்மா கூடமாட உதவ வந்து பக்கத்துலதான் நின்னாங்க. அவங்களும் பாத்துட்டாங்க. என் கையைப் பிடிச்சு, கவலைப்படாதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. வெளியே போய் அவங்க ஆளுங்க காதுல என்னவோ சொன்னாங்க. நீங்க பந்திக்குக் கூப்பிடறீங்க, அத்தனை பேருக்கும் வயிறு நிறைஞ்சிருக்கு."

முதலாளி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகனிடம், ஓடிப்போய்க் கறி வாங்கி வா என்றார். மனைவி மறுபடி உலை வைத்தாள். இந்தத் தடவை அரிசி அளக்கும் படியைத் தொடவில்லை. மூட்டையைச் சாய்த்து முறத்தில் அப்படியே கொட்டினாள்.

முதலாளியின் கை தானாக நீண்டு மூட்டையின் வாயைப் பிடித்தது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது நிஜம்தாங்க, தலைமுறை தலைமுறையாத்தான் வருது. அவங்க வீட்டுப் பழக்கம் அந்தப் பொண்ணோட இங்க வரட்டும், நம்ம வீட்டுப் பழக்கம் உங்களோட நிக்கட்டும்."