கிணற்றுப் பக்கம் ஒரு பெட்டி

"குழாய் ஸ்பீக்கர்ல பாட்டு வரும், பேச்சு வரும். உன் பேஸ் கிதார் வராது தம்பி. எத்தினி தடவ சொல்றது?"

மைக்செட் சிங்காரவேலு வேப்பமரத்தடி மேஜையில் உட்கார்ந்தபடியே கத்தினார். செந்துறைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் மாரியம்மன் திருவிழா. பொழுது சாய்ந்ததும் பெரம்பலூர் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. வெயில் இறங்குவதற்கு முன்பே மேடைக்கு எதிரே கூட்டம் சேர்ந்துவிட்டது.

தர்மன் பேஸ் கிதாரைத் தோளில் மாட்டியபடி மேடையிலிருந்து இறங்கி வந்தான்.

"வரணும்ண்ணே. இன்னிக்கு வந்தே ஆகணும்."

"பாடுறவன் குரல் கேட்டா போதும். உன்னத யாரு கேக்குறா?"

அது பொய்யில்லை. அந்த வாத்தியத்தை எடுத்தவன் தலையெழுத்து அப்படி. பாடுகிறவனுக்கு மாலை விழும், தபேலாக்காரனுக்குக் கைதட்டு விழும். பேஸ் வாசிக்கிறவனை மட்டும், இவன் எதற்கு மேடையில் சும்மா நிற்கிறான் என்று பார்ப்பார்கள். தர்மனுக்கு அது பழகிவிட்டது. இன்றைக்கு அவனுக்கு ஊர் கேட்க வேண்டாம். ஒரே ஒரு ஆள் கேட்டால் போதும்.

"எங்கண்ணன் அரியமுத்து இந்த ஊருதாண்ணே. கிணத்துக்கு வெடி வைக்கிறவரு."

"தெரியுமே. காது மந்தம்."

"வெடிச் சத்தத்துல போன காது. பாட்டு, பேச்சு ஒண்ணும் ஏறாது. அடியில தும்தும்னு வந்தா மட்டும் தெரியும். நான் வாசிச்சு அவரு இதுவரைக்கும் கேட்டதே இல்லண்ணே."

மேடை ஓரம் நின்றிருந்த அரியமுத்துவின் மனைவி மலர்க்கொடி அருகில் வந்தாள்.

"தம்பி எங்க வூட்டுக்காரர, 'நம்ம குழுவோட வந்துடு, சாமான் ஏத்தி இறக்குற வேல பாரு'ன்னு கூப்புட்டுக்கிட்டே இருக்குங்க. 'கம்பியத் தட்டுறான், சத்தமே இல்ல, அதெல்லாம் ஒரு பொழப்பா'ன்னு சிரிக்கிறாரு. நேத்து நான் அழுது தீத்தப்பறம்தான் எறங்கி வந்தாரு. 'அவன் வாத்தியம் என் காதுக்கு எட்டட்டும், கடப்பாரையப் போட்டுட்டு அவன்கூடப் போறேன்'னுட்டாரு."

போன கோடையில் அரியமுத்துவோடு கிணற்றில் இறங்கிய கூட்டாளியைக் கூடையில் அள்ளித்தான் மேலே ஏற்றினார்கள். அன்றிலிருந்து மலர்க்கொடிக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. சிங்காரவேலுவுக்கும் அந்தச் சங்கதி தெரியும். கோபக்காரர்தான், கல்நெஞ்சக்காரர் இல்லை.

"டூரிங் டாக்கீஸ்காரனோட மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒண்ணு ரிப்பேர் பண்ணி வண்டியில வச்சிருக்கேன். அதுல வரும். எந்தப் பக்கம் பாத்து வைக்க?"

"கிணத்தப் பாத்து வையுங்கண்ணே" என்றாள் மலர்க்கொடி. "கோயில் கொல்லைக்குப் பின்னாடிதான். காலையில வச்சதுல ஒரு குழி வெடிக்கலயாம். திருவிழாக் கூட்டம், புள்ளைங்க எட்டிப் பாக்கும், அப்புடியே வுடக்கூடாதுன்னு அத எடுக்க எறங்கியிருக்காரு. சத்தம் தெரிஞ்சா ஏறி வந்துடுறேன்னாரு. புது வேட்டியக் கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறேன்."

ஆளுயரப் பெட்டி கிணற்றைப் பார்த்து உட்கார்ந்தது. மேடைப் படுதாவுக்குப் பின்னாலிருந்த தர்மனின் சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு எதிரே சிங்காரவேலு ஒரு மைக்கை நிறுத்தினார். அது தபேலாவையும் சேர்த்து வாரிக்கொண்டு ஊளையிட்டது. மைக்கே வேண்டாமென்று கிதார் வயரை நேராகத் தன் மெஷினில் செருகிப் பார்த்தார். கொரகொரவென்று தொண்டை கட்டிய சத்தம்தான் வந்தது. மறுபடி மைக்கையே எடுத்து, ஆம்ப்ளிஃபயரை ஒட்டி ஓரமாகச் சாய்த்து, தோள் துண்டால் போர்த்திவிட்டார். ஊளை நின்றது.

"இப்ப தட்டு."

தர்மன் தட்டினான். கரகரவென்று இரைச்சல்.

"வயரு அறுந்திருக்கு. வேற வயர் போட்டுக்கிட்டு வாசி. நான் மேஜைக்குப் போறேன்."

மலர்க்கொடி கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியுமாண்ணே அவருக்கு?" என்று கேட்டாள்.

"ஊரே அதிரப் போவுது, பாரும்மா."

சிங்காரவேலு மேஜைக்கு வந்து சத்தம் கூட்டும் திருகைக் கடைசி வரை திருப்பினார். படுதாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ம், தட்டு!"

தும்!

தரை அதிர்ந்தது. மேஜை மேலிருந்த டீ கிளாஸ் சாய்ந்து உருண்டது. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமாக எழும்பின. கூட்டம் வாயைப் பிளந்து நின்றுவிட்டு, அப்புறம் விசிலடித்துக் கைதட்டியது.

"அடி சக்க! என் சர்வீஸ்ல இப்புடி ஒரு பேஸ் கேட்டதில்லப்பா!" சிங்காரவேலு மேஜையைத் தட்டினார்.

மலர்க்கொடிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எட்டிடுச்சுண்ணே! இனிமே அவரு கிணத்துல எறங்கவே மாட்டாரு."

புது வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள்.

படுதா விலகியது. தர்மன் வெளியே வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"யாருண்ணே தட்டினது?" என்றான்.

அவன் கையிலிருந்த புது வயரின் இரு முனைகளும் இன்னும் எதிலும் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தன.