அப்பா சொன்ன பம்ப்

"மெக்கானிக்கல் பம்ப்தான் போடணும். வயர் கிடையாது, ஃப்யூஸ் கிடையாது. இன்ஜின் சுத்தினா பெட்ரோல் தானா வரும்!" என்று பம்ப் பழுதாகி நின்ற தன் பழைய காரைத் தட்டினார் அப்பா.

"எலெக்ட்ரிக் பம்ப் போடுங்கண்ணே," என்றாள் மகள் மெக்கானிக்கிடம்.

"காலையிலேர்ந்து இதே பாட்டு! செவிடன் காதுல ஊதின சங்குதான்." தலையில் அடித்துக்கொண்டு அப்பா முகம் கழுவப் போனார்.

மெக்கானிக்கும் பொறுமை இழந்தார். "அவர் சொல்றதுதாம்மா சரி. இந்த வண்டிக்கு அதுவே போதும். ஏன் பெரியவரோட மல்லுக்கு நிக்கிறீங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எலெக்ட்ரிக்னா, பம்பை நிறுத்த ஒரு சுவிட்ச் மறைச்சு வைக்கலாம்ல?"

"வைக்கலாம். திருட்டு பயமா? இந்த ஓட்டை வண்டிய எவன் எடுப்பான்?"

"அப்பாதான் எடுப்பார். ரிடையராகி வருஷக்கணக்காச்சு. ஆனா திடீர்னு ஆபீசுக்குன்னு கிளம்பிடறார். போன வாரம் வீட்டுக்கு வர வழியே மறந்துபோச்சு. ஊரெல்லாம் தேடினோம். சாவியைப் பிடுங்க மனசு வரலண்ணே. வண்டி நின்னா, வண்டியத்தானே திட்டுவார்?"

மெக்கானிக் எலெக்ட்ரிக் பம்பை எடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு காலை, வீட்டு கேட்டைத் தாண்டுவதற்குள் கார் இருமிவிட்டு நின்றது. அப்பா கதவை அறைந்து சாத்தினார்.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா? இப்ப நான் ஆபீசுக்கு எப்படிப் போவேன்?"

"உங்க பேச்சைக் கேட்டிருக்கணும்ப்பா, என் தப்புதான்," என்று அவர் கைப்பையை வாங்கிக்கொண்டாள் மகள். "இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுடுங்க."