அமைதி விற்கும் ஊர்

நோர்வேயின் வடக்கில், மீன் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு அந்தத் தீவு தன் அமைதியை விற்றுப் பிழைத்தது. தூரத்து நகரவாசிகள் காசு கொடுத்து, ஊரெங்கும் வைத்திருந்த ஒலிவாங்கிகள் வழியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியில் யாராவது உரக்கப் பேசிவிட்டால் ஊருக்கே அன்றைய கூலி கிடையாது. யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வதுதான் தவசீலனின் வேலை.

ஏறக்குறைய இரண்டு மாத இருளுக்குப் பிறகு சூரியன் திரும்பும் நாளும் தைப்பொங்கலும் இம்முறை ஒன்றாக வந்தன. நண்பகலில், தவசீலன் குடும்பத்தார் தங்கள் வாசல் பனியில் அடுப்பு மூட்டினார்கள்.

"ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்," என்று கிசுகிசுத்தான்.

"பானைக்கும் சொல்லி வையுங்கோ," என்று மனைவி சுகிர்தா அவன் காதருகே சிரித்தாள்.

பால் நுரைத்து விளிம்பைத் தாண்டியது. அதே கணம் மலைகளுக்கு நடுவே சூரியன் எட்டிப் பார்த்தது. பனிவெளி முழுவதும் பொன்னாக மாறியது. தவசீலன் தன்னை மறந்தான்.

"பொங்கலோ பொங்கல்!"

மலைகள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லின. அயல்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஊரின் கூலி போய்விட்டது. அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

அந்தத் தீவிலேயே பிறந்து, யாரும் உரக்கக் கத்திக் கேட்டிராத ஆறு வயது மகள் ஆரணி, அவன் கையை மெல்ல விலக்கி வாய்க்குள் உற்றுப் பார்த்தாள்.

"அப்பா," என்று கிசுகிசுத்தாள், "எனக்குள்ளையும் இவ்வளவு சத்தம் இருக்கோ?"