தாத்தா பொம்மை

பொம்மலாட்டப் படம் முடிந்ததும் கூடமே எழுந்து நின்று கைதட்டியது. பொம்மையை ஆட்டிய அக்கா மட்டும் கைகளைச் சால்வைக்குள் புதைத்துக்கொண்டு நின்றாள்.

"பேத்திக்குத் தண்ணி ஊத்தறப்ப அந்தத் தாத்தாவுக்குக் கை நடுங்குச்சே, எங்கப்பாவையே பார்த்த மாதிரி இருந்துச்சும்மா. எப்படி ஆட்டினே?" என்று கண்ணைத் துடைத்தார் பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

"எல்லாம் பழக்கம்தான் அண்ணே."

சொன்ன பொய் கடவுள் காதில் விழுந்திருக்குமே என்று மனசு உறுத்தியது. நேரே இயக்குநரிடம் போனாள்.

"தம்பி, அது நடிப்பில்ல. என் கையே அப்படித்தான் நடுங்குது. சொன்னா வேற ஆளைப் போட்டுடுவீங்கன்னு மறைச்சுட்டேன்."

"முதல் ஒத்திகையிலேயே தெரியும்க்கா," என்றார் அவர், ஒயரைச் சுருட்டிக்கொண்டே.

"தெரிஞ்சுமா என்னை மாத்தல?"

"பொம்மையை மாத்திட்டேனே. முதல்ல அது கல்யாண மாப்பிள்ளையாத்தானே இருந்துச்சு? மறுநாளே நரைமுடி ஏன் வந்துச்சுன்னு நீங்க கேக்கவேயில்லயே."

அக்காவின் கைகள் மெல்லச் சால்வையை விட்டு வெளியே வந்தன.

"பாவம் தம்பி, மாப்பிள்ளையா இருந்தவரு. அடுத்த படத்துலயாவது அவருக்கு ஒரு பாட்டியைக் கட்டி வைங்க. அந்தப் பாட்டியையும் நானே ஆட்டறேன்," என்றாள்.