ஆமாம், நான்தான்

"மறுபடியும் வந்திருக்குடா! அதே ஊர்ப் பேரு!"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் அறைக்கதவைச் சாத்தினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. மகளை இப்போதுதான் பள்ளியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஆனாலும் சாத்தினாள். பயம் வந்துவிட்டால் கை தானாகக் கதவுக்குத்தான் போகிறது.

மறுமுனையில் தம்பி. ஒரு பெரிய ஆபீஸின் நெட்வொர்க் முழுவதையும் கட்டி மேய்ப்பவன். அக்கா ஒருத்தியைச் சமாளிப்பதுதான் அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

"என்ன வந்திருக்கு? நிதானமாப் படி."

"'உங்கள் மெயில் கணக்கில் நுழைய ஒருவர் முயல்கிறார். இது நீங்கள்தானா?' அவ்வளவுதான். கீழே ஊர்ப் பேரு. அந்த மனுஷன் இருக்கிற ஊர்டா!"

அந்த மனுஷன் என்றால் அவளை விட்டுப் பிரிந்த கணவன். கோர்ட் மகளை அவளிடம் கொடுத்த அன்று, வெளியே வரும்போது பக்கத்தில் வந்து, குரலைக்கூட உயர்த்தாமல், "எங்க கொண்டுபோய் ஒளிச்சு வச்சாலும் என் பொண்ணை எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று சொன்னவன். கத்தியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். தம்பியைத் தவிர யாருக்கும் சொல்லாமல்தான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

"உன் வீட்டுக்கு எத்தனை வாசல்?" என்றான் தம்பி.

"விளையாடாதடா."

"சொல்லேன்."

"முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு."

"உன் நெட்டுக்கும் அப்படித்தான். ரெண்டு கம்பெனி லைனை ஒரே ரவுட்டர்ல சேர்த்துக் கட்டிக் குடுத்தேனே, மறந்துட்டியா? லோட் பேலன்சிங். ரவுட்டர் உன்னை ஒரு நேரம் முன்வாசல் வழியா அனுப்பும், ஒரு நேரம் பின்வாசல் வழியா அனுப்பும். அந்தப் பின்வாசல் கம்பெனிக்குத் தலைமை ஆபீஸ் அந்த ஊர்லதான் இருக்கு. அதனால அந்த லைன்ல போனா, நீ அந்த ஊர்ல உக்காந்திருக்கிறதாத்தான் மெயிலுக்குத் தோணும். உன்னையே யாருன்னு கேக்குது. புரியுதா?"

புரிந்த மாதிரிதான் இருந்தது. காது கேளாதவர்கள் கலந்துகொள்ளும் ஆன்லைன் கூட்டங்களில், பேசுகிறவர்களின் பேச்சைக் கையோடு கையாகத் திரையில் எழுத்தாகத் தட்டிக் கொடுப்பது அவள் வேலை. நடுவில் நெட் போனால் வேலையும் போகும். அதற்காகத்தான் இரண்டு லைன்.

"அப்ப நான் இல்லைன்னு அமுக்கினது?"

"தப்பு. நாலு நாளா 'இல்லை, இல்லை'ன்னு அமுக்கி, மெயில் உன்னையே வெளியில தள்ளிப் பூட்டிடுச்சு. நேத்து மெயில்ல வந்த லிங்கைத் திறக்க முடியாம கூட்டத்தை விட்டுட்டு முழிச்சியே, அதனாலதான். இன்னிக்கும் விட்டா சீட்டைக் கிழிச்சுடுவாங்க."

"ஒருவேளை அவரா இருந்தா?"

"பாஸ்வேர்டை மாத்தியாச்சு. பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு யார் வந்தாலும், இனிமே உன் போன்ல உன்னைக் கேக்காம அது உள்ளே விடாது. தைரியமா 'ஆமாம்'னு அமுக்குக்கா."

அந்த ஊரில் காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் இங்கே வந்துவிடலாம். ஆனால் தம்பி இதிலேயே ஊறினவன். அவன் பேச்சை நம்பாமல் வேறு யாரை நம்புவது? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு 'ஆமாம், நான்தான்' என்பதை அமுக்கினாள்.

ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் தொடங்கியது. விரல்கள் முதலில் தடுமாறி, பிறகு ஓட ஆரம்பித்தன. நெட் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஒன்றுமில்லாததற்குப் போய் இப்படிப் பயந்து செத்தோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

கூட்டம் முடிந்து, மகளை அழைத்துவரக் கிளம்பும்போது வாசல்மணி அடித்தது. சங்கிலியை மாட்டியபடியே கதவை இடுக்காகத் திறந்தாள். தோளில் கேபிள் சுருளோடு ஒருவர் நின்றிருந்தார்.

"நெட் கம்பெனிம்மா. லைன் சரி பண்ணியாச்சு, வருதான்னு பாக்கணும்."

"நான் கம்ப்ளெயின்ட் குடுக்கலையே?"

"அதாம்மா எனக்கும் ஆச்சரியம்! ரோட்டைத் தோண்டுறேன்னு கேபிளை அறுத்துட்டாங்க. தெருவே எங்களைப் பிடிச்சு உலுக்குது. உங்க வீட்டுலேர்ந்து மட்டும் ஒரு போன்கூட இல்லை. உங்களை மாதிரி பொறுமைசாலியை நான் பார்த்ததே இல்லை."

"நெட் நல்லாத்தானே வந்துக்கிட்டிருக்கு?"

அவர் இடுக்கு வழியாக, சுவரில் இருந்த ரவுட்டரை எட்டிப் பார்த்தார். "ஓ, ரெண்டு லைன் வச்சிருக்கீங்களா? அப்ப தெரிஞ்சிருக்காது. ஒண்ணு செத்தா இன்னொண்ணு சத்தமில்லாம மொத்தத்தையும் தாங்கிக்கும். எங்க லைன் செத்து ஒரு வாரத்துக்கு மேல ஆச்சும்மா."

"உங்க கம்பெனித் தலைமை ஆபீஸ் எந்த ஊர்ல?"

அவர் ஊரைச் சொன்னார். அதே ஊர். ஒரு வாரமாக மூடிக் கிடந்தது பின்வாசல்தான்.

கதவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பள்ளியின் எண்ணைத் தேடி அழுத்தினாள். எடுத்தது பள்ளி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்மணி.

"என் பொண்ணை யார் கூடவும் அனுப்பாதீங்க! நான் வந்துக்கிட்டே இருக்கேன்!"

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? அவங்க அப்பா வந்து இப்பத்தானே கூட்டிட்டுப் போனாரு. உங்க மெயில்லேர்ந்து எழுதி வந்தாலொழிய வேற யார்கூடவும் அனுப்பக் கூடாதுன்னு நீங்க கண்டிஷனா சொல்லியிருந்தீங்களே, அதனால நல்லாப் பார்த்துட்டுத்தான் அனுப்பினோம். காலையில வந்துச்சே, உங்க மெயில்லேர்ந்துதான்!"