மெருகுத் துணி நின்ற இடம்

புதிதாகச் செய்த ஒரு கிட்டார், மெருகு ஏற்றிக்கொள்வதற்காக மேஜைமேல் படுத்திருந்தது. பஞ்சை உள்ளே வைத்துச் சுற்றிய ஒரு துணி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் நனைந்து, அதன்மேல் வட்டம் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. துணி தொட்ட இடமெல்லாம் மரத்தின் வரிகள் கண்விழித்ததுபோல் பளபளத்தன.

கிட்டாருக்கு அந்தத் தொடுகை மிகவும் பிடித்துப்போயிற்று. "வந்ததும் ஓடிப் போயிடுறியே, கொஞ்ச நேரம் இங்கேயே இரேன்" என்றது.

"நின்னா ஒட்டிக்குவேன். அப்புறம் பிய்ச்சுக்கிட்டுதான் போகணும்" என்றது துணி.

"பிரியம் இருந்தா இப்படிச் சாக்குச் சொல்ல மாட்டே."

துணியால் அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கிட்டாரின் மார்பில் அப்படியே சாய்ந்தது. சற்று நேரம் இரண்டும் சந்தோஷமாக இருந்தன. பிறகு துணி நகரப் பார்த்தது, முடியவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தபோது, அதுவரை ஏறியிருந்த மெருகு அந்த இடத்தில் பிய்ந்துவிட்டது. கிட்டார் அலறியது. துணியின் நூல்கள் சில காயத்திலேயே ஒட்டிக்கொண்டன.

துணி தன் டப்பாவுக்குள் போய் மூடிக்கொண்டது. காயம் காயும்வரை கிட்டார் தனியே கிடந்தது. காய்ந்த இடத்தை உப்புத்தாள் வந்து தேய்த்துச் சமன் செய்தபோதும், 'இனிமேல் துணி வராது' என்றே நினைத்து மருகியது.

ஆனால் டப்பா திறந்தது. துணி தயங்கித் தயங்கி வந்து மறுபடி வட்டமிட ஆரம்பித்தது. பிய்ந்த இடத்தை அடைந்ததும் அதன் ஓட்டம் தானாகத் தளர்ந்தது.

"நிக்காதே" என்றது கிட்டார். "போயிட்டு வா."